தடை நீங்கியது, மைதானம் திறக்குமா?

2023 ஜூலை 30. அடிலெய்ட் நகரில் தென் கொரியாவை மொரோக்கோ 1-0 என வென்றது. அன்று பின்வரிசையில் ஆடிய நுஹைலா பென்ஸினா, சிரேஷ்ட மகளிர் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஹிஜாபுடன் களமிறங்கிய முதல் வீராங்கனையானார்.

இந்த வாய்ப்பு இலகுவில் வரவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டிய பீஃபாவின் தடையால், 2011இல் ஈரானிய அணி ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆட முடியாமல் போனது. 2014இல்தான் தடை நீங்கியது. பிரான்ஸிலோ, உள்நாட்டுப் போட்டிகளுக்கான தடையை உயர் நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதிசெய்தது.

பிரான்ஸை நாம் கண்டிக்கிறோம், சரிதான். ஆனால் ஹட்டன் டன்பார் மைதானத்தில் மாலையில் பந்து உதைப்போர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. இங்கே எந்தச் சட்டமும் நம் மகள்மாரைத் தடுக்கவில்லை. தம்பியைவிட வேகமாக ஓடிய என் மகள் பெரிய பிள்ளையானதும், அவளது சப்பாத்தைப் பரணில் போட்டவன் நானேதான். தோட்டத்து லயங்களிலும் இதே கதைதான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து வாரத்தில் ஒரு மாலையைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். ஒரு பெண் பயிற்றுவிப்பாளரைத் தேடட்டும். பென்ஸினாவுக்குக் கைதட்டிய நாம், முதலில் பரணில் கிடக்கும் சப்பாத்தை இறக்கிக் கொடுப்போம்.