எலி பேஸ்ட் வேண்டாம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று முதியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். எலித்தொல்லை அவர்களுக்குப் பெரும்பாடு. மரச்சீனிக் கிழங்கைப் பெருச்சாளி மண்ணுக்குள்ளேயே தின்று தீர்த்துவிடும். தொலைபேசியில் நாம் சொல்லும் யோசனையோ, "ஒரு எலி பேஸ்ட் வாங்கி வையுங்கள்" என்பதுதான். இது கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்டுக்கு மாற்று மருந்து கிடையாது. தெரியாமல் தின்ற குழந்தை முதல் நாள் நன்றாகவே விளையாடலாம். வீட்டாரும் சும்மா இருந்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெடும். விடுமுறைக்கு நம் பிள்ளைகள் போகிற வீடு அல்லவா அது?

எலியை விட்டுவையுங்கள் என்று சொல்லவில்லை. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததே! சுண்டெலி நுழைய கால் அங்குல இடுக்கு போதும். சிமெண்ட் வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். தென்னையில் 2 மீட்டர் உயரத்தில் வழுவழுப்பான தகரப் பட்டை சுற்றலாம். பெருச்சாளிக்குப் பொறிதான், சுட்ட தேங்காய்த் துண்டுக்கு வரும். செத்ததை வெறுங்கையால் தொடக்கூடாது.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, பழைய பேஸ்ட் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கேளுங்கள்.