மெஷின் பேசினால் வைத்துவிடு என்று சொன்னது நாங்கள்தான்

இரும்புலியூரில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவிக்குப் போன கல்வியாண்டில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரவில்லை. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லை என்பது காரணம். கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். "மூணு தடவை ஆட்டோமேட்டிக் கால் போயிருக்கு. அவங்க அம்மா கட் பண்ணிட்டாங்க" என்றார்கள்.

அம்மா, ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கமுள்ள அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்பவர். "பொம்பளைக் குரல்தாங்க. பாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. எந்த ஆபீசுன்னு கேட்டேன், அதுபாட்டுக்குப் பேசிட்டே போச்சு. மெஷின் பேசினா வைச்சிடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

ஆமாம், நாங்கள்தான் சொன்னோம். சொல்லக் காரணமும் இருந்தது. 2024இல் கோவையில், கல்வித்துறை அதிகாரிகள் போலப் பெற்றோரிடம் பேசி, உதவித்தொகை வந்திருக்கிறது என்று க்யூஆர் கோடு அனுப்பிப் பணம் பறித்த கும்பல் பிடிபட்டது. அதன்பிறகு எங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்தப் பாடம் இந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடத்து உதவித்தொகையைத் தாமதமாக்கியது. கட்டணத்தை அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

தெரியாத எண்ணை எடுக்காதே என்ற அறிவுரை யாருக்குப் பொருந்தும்? கடன் அட்டை விற்பவர்கள் மட்டும் கூப்பிடும் வீடுகளுக்குப் பொருந்தும். நம் வீடுகளுக்குப் போனில் வருவது பல நேரம் அரசாங்கம். 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள். அந்த எஸ்எம்எஸ்ஸை மோசடி என்று அழித்தவருக்கு அந்த 30 நாளும் போயிற்று.

முன்பெல்லாம் பதிவு செய்த குரலை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, நம் ஊர்ப் பேச்சில் பேசுகிறது, சில இடங்களில் கேள்விக்குப் பதிலும் சொல்கிறது. திருடனும் அதைத்தான் பயன்படுத்துகிறான், அலுவலகமும் அதைத்தான் பயன்படுத்துகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை மட்டும் எட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற பெண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. ட்ராய் 2018இல் கொண்டுவந்த வணிகத் தகவல்தொடர்பு விதிகளை 2025 பிப்ரவரியில் திருத்தியது. விளம்பர அழைப்புக்கு 140, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 என்று எண் வரிசைகள் இருக்கின்றன. தானியங்கி அழைப்பு விடுபவர் தொலைபேசி நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசியில் விளம்பரமென்றால் பி, அரசு என்றால் ஜி என்று ஆங்கில எழுத்து வரும். நல்ல ஏற்பாடுதான், ஆங்கில எழுத்து தெரிந்தவர்களுக்கு. நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்களே, போனை எடுத்தவரிடம் "நான் மெஷின்" என்று சொல்ல வேண்டாமா? அதோடு, பொதுநலன் கருதி அரசின் உத்தரவில் வரும் அழைப்புகளை இந்த விதிகள் தேவையற்ற அழைப்பாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் வாழ்க்கையைத் தொடும் அழைப்புகளில் பெரும்பகுதி அவைதான்.

இதில் இன்னொரு கூத்து. முகாமுக்கு முந்தைய நாள் எங்கள் தோழர்கள் நாற்பது வீடுகளுக்குப் போன் போட்டால், இருபதாவது வீட்டிலிருந்து எங்கள் எண் 'ஸ்பேம்' என்று காட்டுகிறது. தொலைபேசி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு வைக்கும் முத்திரை அது. உண்மையான மனிதர் பேசினால் ஸ்பேம், மனிதர்போல மெஷின் பேசினால் சேவை.

தேர்தல் வந்தால் மட்டும் அக்கறை வருகிறது. 2024 ஜனவரியில் சேலம் திமுக இளைஞரணி மாநாட்டில் கலைஞர் 'பேசினார்'. அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலை அதிமுக வெளியிட்டது. 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம், கட்சிகளும் வேட்பாளர்களும் வெளியிடும் செயற்கைக் குரலில் முதல் 10 விழுக்காடு நேரத்திலேயே அது செயற்கை என்று தெரிவிக்க வேண்டும் என்றது. அப்படியானால் செய்ய முடியாத காரியமில்லை என்றுதானே அர்த்தம்? ஓட்டுக் கேட்கும் குரலுக்குச் செய்யச் சொல்வதை, உதவித்தொகை பற்றிப் பேசும் குரலுக்கும் சொல்வதில் என்ன தடை?

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் பைடன் குரலில், வாக்களிக்க வராதீர்கள் என்று நியூ ஹாம்ப்ஷயர் மக்களுக்குப் போலி அழைப்பு போனது. பிப்ரவரி 8ஆம் தேதியே அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், 1991ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் வரும் 'செயற்கைக் குரல்' என்ற சொல்லில் இதுவும் அடங்கும் என்று அறிவித்தது. புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஏமாற்றுக்காரன் அதனால் நின்றுவிடுவான் என்று நாங்கள் நம்பவில்லை. அவன் எந்த விதிக்கும் கட்டுப்பட மாட்டான். கட்டுப்பட வேண்டியது கல்லூரியும் வங்கியும் அரசு அலுவலகமும். அவர்கள் ஒழுங்காகத் தங்களை அடையாளம் காட்டினால்தான் காட்டாதவன் திருடன் என்று தெரியும்.

எங்கள் பகுதிக் கல்லூரிகளுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் இந்த வாரம் கடிதம் கொடுக்கிறோம். மெஷின் பேசினால் முதல் வாக்கியத்திலேயே தமிழில் அதைச் சொல்ல வேண்டும். ஓர் எண்ணை அழுத்தினால் மனிதர் வர வேண்டும், அவருக்குப் பெயர் இருக்க வேண்டும். போனை எடுக்கவில்லை, கட் செய்துவிட்டார் என்பதைக் காட்டி யாருடைய உதவித்தொகையையும் நிறுத்தக் கூடாது. கையெழுத்து வாங்கிக் கொடுத்த கடிதம் இருந்தால் மட்டுமே தகவல் சொன்னதாகக் கணக்கு. ட்ராய்க்கும் ஒரு நகல் அனுப்புகிறோம்.

மாணவியின் கணக்கில் இப்போது ஆதார் இணைத்தாயிற்று. கல்லூரியில் கொடுத்த அம்மாவின் எண்ணை எடுத்துவிட்டு எங்கள் எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டோம். அம்மா வேண்டாம் என்றார். "எனக்கே சொல்லட்டும். ஆனா ஆளு பேசணும்."