காலி எண்ணெய் டின் எங்கே போகுது? ஓட்டை போட்டால் ஒழியும் ஆபத்து!

திருவேங்கடம்—

டீக்கடை, புரோட்டா கடை, பலகாரக் கடைகளில் காலியாகும் 15 கிலோ எண்ணெய் டின்கள் குப்பைக்குப் போவதில்லை. "அண்ணாச்சி, காலி டின் இருக்கா?" என்று கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. நசுங்காத டின்னுக்கு விலையும் கூடுதல். ஏன் கூடுதல்? அங்கேதான் இருக்கிறது விஷயம்!

நசுங்கிய டின் இரும்புக்கடைக்குப் போகும். நசுங்காத டின்னில் மறுபடியும் எண்ணெய் ஊற்றலாம்!

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு தடவை உபயோகித்த டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கக்கூடாது என்பது சட்டம். 2018-ல் வந்த உணவு பேக்கிங் விதிகளில் இது தெளிவாக உள்ளது. 2019 ஜூலை 1 முதல் அந்த விதிகள் அமலில் இருக்கின்றன.

1998-ல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு சமையல் எண்ணெய் பேக்கிங்குக்கு மத்திய அரசு தனி உத்தரவே போட்டது.

பழைய டின்னில் என்ன கெடுதல்?

டின் என்பது மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் வெள்ளீயப் பூச்சு. பூச்சு உரிந்தால் துரு பிடிக்கும். அடியில் தங்கிய பழைய எண்ணெய் காறிப்போகும். அதோடு துருவும் சேர்ந்தால் புது எண்ணெயும் சீக்கிரம் காறிவிடும். ஓட்டையை அடைக்க வைக்கும் பற்றில் காரீயம் இருந்தால் இன்னும் மோசம். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். காரீயப் பற்று வைத்த உணவு டப்பாக்களை அமெரிக்கா 1995-லேயே தடை செய்துவிட்டது.

சோதனை எங்கே?

எண்ணெய் மாதிரி எடுத்தால் பாளையங்கோட்டை அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் போன்ற இடங்களுக்குப் போகும். 14 நாளில் அறிக்கை தர வேண்டும். பொதுமக்களும் கட்டணம் கட்டி சோதிக்கலாம். குற்றம் நிரூபணமானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் எண்ணெய் நல்லதா என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். அந்த டின் எத்தனை கை மாறி வந்தது என்பதை யார் சொல்வது?

எண்ணெய் அடைப்பவரை சட்டம் கேள்வி கேட்கிறது. காலி டின் கிளம்புவதோ கடையின் பின்வாசலில்! அதைத் தடுக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு ஆணியும் சுத்தியலும் போதும். காலியானதும் அடியில் நாலு ஓட்டை போட்டுவிட்டால் அது இரும்புக்கடையைத் தவிர வேறெங்கும் போகாது. கடைக்காரருக்கு சில ரூபாய் நஷ்டம்தான். ஆனால் அந்த டின் திரும்பி வந்தால், அதில் பொரித்த வடையை அவர் வீட்டுப் பிள்ளையும்தானே சாப்பிடும்?

வாங்குபவர்களும் உஷாராக இருக்க வேண்டும். துரு, நசுங்கல், புதுப் பற்று, ஒட்டின லேபிளுக்குக் கீழே இன்னொரு லேபிள்—இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த டின் வேண்டாம்!