புறப்படும் முன் கால் மணி நேரம்

பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகங்களுக்குக் கொள்கலன் லாரிகள் இரவு பகலாக வந்து போகின்றன. ஆறு மாதத்திற்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற நிலையங்களில் லாரிகளைச் சோதிக்கிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்கின்றனர். போதாது. நேற்று இறுக்கமாக இருந்த சக்கரத் திருகு இன்று தளர்ந்திருக்கலாம். பிரேக்கை இயக்கும் காற்றுக்குழாய் கசியலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூர்ந்து கேட்டால் அந்தக் கசிவு ‘உஸ்’ என்று காதில் விழும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை!

2025 மே 13-ஆம் நாள், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லாரி மோதிக் கலகத் தடுப்புக் காவலர்கள் 9 பேர் மாண்டனர். லாரியின் ஸ்டீயரிங் பகுதி பழுதுபட்டிருந்தது விசாரணையில் தெரிய வந்தது.

ஆனால், ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. பலருக்கு நடைக் கணக்கில்தான் படி கிடைக்கிறது. சோதனைக்குச் செலவிடும் கால் மணி நேரத்திற்குக் கூலி இல்லை. ஆகவே, அந்நேரத்தையும் முதலாளிகள் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. பழுதைச் சுட்டிக்காட்டி, லாரியை எடுக்க மறுப்பவரின் அன்றைய வருமானமும் குறையக்கூடாது. இல்லாவிட்டால், சோதனைப் படிவத்தை இருக்கையில் அமர்ந்தபடியே நிரப்பிவிட்டுப் புறப்படுவோர் இருக்கத்தான் செய்வர்.