நம்ம வீட்டுப் பெயர் எந்த ஏட்டில்?

லைப்ரரி என்றால் நமக்கு பாடப் புத்தகமும் பழைய கொஸ்டின் பேப்பரும்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊர்க்கதையையும் குடும்பக்கதையையும் சேர்த்துக் காக்கும் நூலகமும் நம் தமிழ்நாட்டில் உண்டு. அதற்கு விதை போட்டவர் ஒரு சைன்போர்டு ஓவியர்!

செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா. சென்னையில் போர்டு எழுதிய காலத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கினார். 1950 வாக்கில் ஊரிலேயே நூலகம் அமைத்தார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், கடிதம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடவில்லை. சேர்ந்தது சுமார் ஒரு லட்சம்! 1992-ல் அவர் மறைந்தார். சேகரிப்பை வாங்கிய சிகாகோ பல்கலைக்கழகம் அதைக் கப்பலேற்றவில்லை. 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. இன்று அது எங்கே இருக்கிறது தெரியுமா? தரமணி மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில்!

கல்யாணப் பத்திரிகை எதற்கு என்று சிரிக்காதீர்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என மூன்று தலைமுறைப் பெயர், ஊர், தேதி எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கிறது.

நம்ம உத்திரமேரூரில் கல்லே ஏடு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கி.பி. 919, 921-ல் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய குடவோலை விதிகளைப் படித்தால் பெருமையாக இருக்கிறது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் சொந்தக்காரர்களும் பதவிக்கு வர முடியாது! ஆனால் அந்தச் சபையில் சேர சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு வேண்டும். கூலிக்கு உழைத்தவன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை.

எங்கள் பரம்பரையில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லில் இடம் கிடைக்காத நமக்குக் காகிதம்தான் கதி. அதையும் எடைக்குப் போட்டுவிடுகிறோமே!

நம் பேரவை ஒரு பீரோ ஒதுக்கட்டும். பழைய பத்திரிகை, கூலிக்கணக்கு நோட்டு, ரேஷன் கார்டு, எது இருந்தாலும் ஜெராக்ஸ் கொண்டு வாருங்கள். தாள் இல்லாத வீட்டில் பாட்டி சொல்லும் பெயர்களை எழுதி வாருங்கள். சிவில் மாணவர்கள் அவரவர் தெருவை வரைந்து தரலாம். பாட்டிமார்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், நண்பர்களே!

- இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்
பெருநகர்