சேறு எங்களுக்கு, ஃபோர் வீல் ஆருக்கு?

நாலு சில்லும் இழுக்கிற, சின்ன, சிம்பிளான, புது லொறி ஒன்றை எங்கட நாட்டில் ஒரு விவசாயியோ தோட்டத்தில் மரக்கறி ஏற்றுகிற ஒருவரோ தன் உழைப்பில் வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஏன் எண்டு வாகனம் விற்கிற எவரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அதுக்கு டிமாண்ட் இல்லைத் தங்கச்சி."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. தேவை இருக்கு. தேவைப்படுகிற ஆக்களும் இருக்கினம். விலையையும் வரியையும் தீர்மானிக்கிற மேசையில்தான் அவர்கள் இல்லை. ஒரு காலத்தில் வேலைக்கருவியாக இருந்த ஃபோர் வீலை இப்ப அந்தஸ்தாக மாற்றி வைத்திருக்கினம். விசயம் அதுதான்.

கலைப்பீடத்தில் படிக்கிற ஒருத்திக்கு கியர், டிஃபரன்சியல் கதை எதுக்கு எண்டு சிலர் நினைக்கலாம். 'விளிம்புநிலை', 'அபிவிருத்தி', 'சேவைகளை அணுகுதல்' எண்டு சோதனைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த அணுகுதல் கடைசியில் ஒரு ரோட்டிலும், அந்த ரோட்டில் ஏறக்கூடிய ஒரு வாகனத்திலும்தான் வந்து நிற்கும். ரோட்டைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். வாகனத்தைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்லை.

எந்த வண்டியைச் சொல்லுறம்?

மாரி தொடங்கினால் வன்னியில் வயலுக்குப் போகிற மண் ரோட்டுகள் என்ன நிலைக்கு வரும் எண்டு அங்க இருந்த ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. மலையகத்தில் பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏறுகிற தோட்டப் பாதைகள் பல, மழை இல்லாத நாளிலேயே கல்லும் குழியும்தான். இந்த இரண்டு இடத்திலும் ஏற்ற வேண்டியவை கிட்டத்தட்ட ஒன்றுதான்: நெல், பசளை, பால், மரக்கறி, சில நேரம் ஒரு நோயாளி, ஒரு பிள்ளைத்தாச்சி. பெரும்பாலும் அரைத் தொன்னுக்குள் அடங்குகிற சுமை.

இதுக்கு ஐந்து பேர் ஏசியில் இருந்து போகிற டபுள் கப் தேவையில்லை. தொடுதிரை வேண்டாம், அலோய் வீல் வேண்டாம். இரண்டு பேர் இருக்க ஒரு கபின், பின்னால் ஒரு தட்டு, சின்ன எஞ்சின், ஊர்க் கராஜில் கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்கள், முன்சில்லுக்கும் இழுவையைக் கொடுக்கிற ஒரு லீவர். அவ்வளவுதான் நாங்கள் கேட்கிறது.

இப்ப சனம் எதை வைத்துச் சமாளிக்குது? லாண்ட்மாஸ்டர், இல்லாட்டி பட்டா. லாண்ட்மாஸ்டர் வயலுக்குள் நல்லா இறங்கும். பெட்டியைக் கொளுவிக்கொண்டு ரோட்டில் ஏறினால் ஊர்ந்துதான் போகும். மழைக்கு மறைப்பில்லை, குலுக்கலுக்கு ஸ்பிரிங் இல்லை. அதில் ஒரு நோயாளியைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

பட்டா வேற கதை. 2005இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் எண்டு வந்த இரண்டு சிலிண்டர் டீசல் லொறி அது. இங்க டிமோ பட்டா எண்டு விற்கப்பட்டு, கடைசியில் அந்த ரக வாகனத்துக்கே பட்டா எண்டு பெயராகிப் போச்சு. அந்த வண்டி மொத்தமாக 20 இலட்சத்துக்கு மேல் விற்றிருக்கு. டிமாண்ட் இல்லை எண்டு சொல்லுகிறவைக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கு? மலிவா, சின்னதா, வேலைக்கெண்டு ஒரு வண்டியைக் கொண்டுவந்து வைத்தால் சனம் வாங்கும்.

ஆனால் பட்டாவுக்குப் பின்சில்லு மட்டும்தான் இழுக்கும். சுமை இருக்கும்போது பின்பக்கம் அமர்ந்து ரயர் நிலத்தைப் பிடிக்கும். சுமையை இறக்கிவிட்டு வெறும் தட்டோடு திரும்பும்போது பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இலேசாகிவிடும். ஈரக் களியில் ஒரு பக்கச் சில்லு வழுக்கத் தொடங்கினால் சுற்றெல்லாம் அந்தச் சில்லுக்கே போய், மற்றச் சில்லு சும்மா நிற்கும். டிஃபரன்சியலின் குணம் அது. சுத்தச் சுத்தக் குழி ஆழமாகும். பிறகு நாலு பேர் வந்து தள்ள வேணும், இல்லாட்டி ரக்டர் பிடிக்க வேணும். ரக்டருக்குக் கொடுக்கிற காசோடு அண்டைய மரக்கறி லாபம் முடிஞ்சுது.

செய்ய ஏலாத சாமானா?

இல்லை. ஜப்பானில் இதைத்தான் செய்து விற்கினம். டைகட்சு ஹைஜெட் 1960இல் வந்தது, சுசுக்கி கரி 1961இல். இரண்டும் இண்டைக்கும் புதுசா வருது. அங்க சட்டமே ஒரு எல்லை போட்டிருக்கு: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சீசீ, சுமை 350 கிலோ. அந்த எல்லைக்குள் நின்றால் வரி குறைவு. நாலு சில்லும் இழுக்கிற வகை உண்டு. விவசாயிகளுக்கெண்டே, இரண்டு சில்லையும் சேர்த்துப் பூட்டுகிற டிஃபரன்சியல் லொக் வைத்த வகையும் உண்டு.

விலையைப் பாருங்கோ. சாதாரண வகை பத்து இலட்சம் யென்னுக்குச் சற்று மேல். அதே வண்டியில் ஃபோர் வீல் வேணுமெண்டால் சுமார் ஒன்றரை இலட்சம் யென் கூடும். அதாவது விலையில் ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான். ஜப்பானிலும் வாகனம் இடப்பக்கம் ஓடுது, ஸ்டியரிங் வலப்பக்கம். அதே நாட்டுச் சின்ன வாகன ரகத்தில் இருந்துதான் எங்கட ரோட்டில் ஓடுகிற வகன் ஆரும் எவ்ரி வானும் வந்தன. கார் வரலாம், வான் வரலாம். சேற்றில் ஏறுகிற லொறிக்கு மட்டும் என்ன தடை?

உலகச் சந்தையில் என்ன நடந்தது எண்டால், லொறி வளர்ந்து போச்சு. 1968இல் வந்த முதல் ஹைலக்ஸ் 4.2 மீற்றர் நீளம். இண்டைக்கு டபுள் கப் 5.3 மீற்றர். வேலைக்காரரின் வண்டி குடும்பக் காராகி, பிறகு முதலாளியின் வண்டியாகி விட்டது. தோல் சீட் போட்ட டபுள் கப்பில் வருகிற லாபம் ஒரு வெறுந்தட்டு லொறியில் வராது. கொம்பனிகள் எந்தப் பக்கம் போகும்?

2023 நவம்பரில் டொயோட்டா தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் எண்ட லொறியை இறக்கியது. ஆரம்ப விலை 459,000 பாத். சோடனை இல்லை, தேவைக்கேற்ற பெட்டியைப் பூட்டிக்கொள்ளலாம். மலிவான, சிம்பிளான லொறி இந்தக் காலத்திலும் செய்யலாம் எண்டு அதே கொம்பனி நிரூபிச்சது. ஆனால் வந்தது பின்சில்லு இழுவையில் மட்டும். ஃபோர் வீல் வேணுமா? மேல ஏறி, விலை கூடின ஹைலக்ஸுக்குப் போ. ஹைலக்ஸில் ஃபோர் வீல் 1979 தொடக்கம் இருக்கு, அது அவர்களுக்குத் தெரியாத வித்தையில்லை. ஃபோர் வீல் விலை கூடின மாடலை விற்பதற்கான தூண்டில் ஆகிவிட்டது.

சட்டம் ஆரைப் பார்த்து எழுதப்பட்டது?

கொம்பனியை மட்டும் திட்டிப் பயனில்லை. எது விற்கும் எண்டதை அரசாங்கங்களின் வரியும் விதியும்தான் பாதி தீர்மானிக்குது. அமெரிக்காவில் இந்தக் கூத்து இன்னும் பெரிசு. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியர் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி கூட்டினார்கள். பதிலடியாக 1964இல் ஜோன்சன் அரசு இறக்குமதி லொறிகளுக்கு 25% வரி போட்டது. கோழிச் சண்டை எப்பவோ முடிஞ்சுது. லொறி வரி 60 வருசம் தாண்டியும் நிற்குது. அதற்கு மேல் எரிபொருள் விதி: நாலு சில்லுக்கும் இடைப்பட்ட பரப்பு பெரிதாக இருந்தால் எட்ட வேண்டிய இலக்கும் இலகு. சிக்கனத்துக்கெண்டு எழுதின சட்டம் வண்டியைப் பெரிசாக்கச் சொல்லிக் கொடுத்தது. ஃபோர்ட் தன் சின்ன ரேஞ்சரை 2011இல் அங்க நிறுத்தியது. 2019இல் திரும்ப வந்த ரேஞ்சர் பெரிசு.

இப்ப அமெரிக்க விவசாயிகள் சிலர் 25 வருசம் பழைய ஜப்பான் குட்டி லொறிகளைக் கப்பலில் இறக்கி ஓடுகினம். அதைவிடப் புதுசை இறக்க அந்த நாட்டுப் பாதுகாப்பு விதி விடாது. பணக்கார நாட்டு விவசாயி கால் நூற்றாண்டு பழசைத் தேடி வாங்குகிறார். இன்னும் டிமாண்ட் இல்லை எண்டு சொல்லுவீங்களோ?

எங்கட கதைக்கு வருவம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருசம். அந்த இடைவெளியில் பாவிச்ச வாகனங்கள் வாங்கின விலையைத் தாண்டி விற்றன. திறந்த பிறகு வரி வந்தது. சுங்க வரி, உற்பத்தி வரி, பிறகு அந்த வரிகளையும் சேர்த்த தொகைக்கு மேல் 18% வற். வரிக்கு மேல் வரி எண்டால், ஜப்பானில் சின்ன வித்தியாசமாக இருக்கிற ஃபோர் வீல் இங்க வந்து சேரும்போது பெருகிப் பெரிய வித்தியாசமாகும். அதோடு லீசிங் வட்டியும் சேரும். பணம் இருக்கிறவருக்கு அது ஒரு எரிச்சல். சீசனுக்குச் சீசன் கடனில் வாழ்கிறவருக்கு அது மூடின கதவு.

இதே நாட்டில்தான் எம்பிமாருக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வருசக்கணக்காக வழங்கப்பட்டது. அது கைமாறி விற்கப்பட்ட கதை ஒளிவுமறைவில்லாத கதை. இப்போதைய அரசாங்கம் எம்பிமாருக்கு அதைக் கொடுக்க மாட்டோம் எண்டது நல்ல விசயம். ஆனால் மேல கொடுத்ததை நிறுத்துவது ஒரு பாதிதான். கீழ தேவைப்படுகிறவருக்குக் கொடுப்பது மறுபாதி. அந்த மறுபாதியை எந்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் ஆர் கேட்டார்? தோட்டத்துக்கு வருகிற அதிகாரியின் டபுள் கப்பில் ஃபோர் வீல் இருக்கு. அவர் வருசத்தில் சில நாள் அந்த ரோட்டில் ஏறுவார். அங்கேயே வாழ்கிறவர் ஒவ்வொரு நாளும் ஏற வேணும்.

சொல்லப்போகிற மறுப்புகள்

"டொலர் இல்லை." சரி, கணக்குப் பார்ப்பம். ஒரு பெரிய எஸ்யூவிக்கு வெளியே போகிற டொலருக்கு இப்படிப்பட்ட குட்டி லொறிகள் பல வரும். அந்த லொறி மரக்கறி ஏற்றும், பால் ஏற்றும், உழைக்கும். டொலர் தட்டுப்பாடு எண்டால் முதலில் எதை விட வேணும் எண்டதுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

"சலுகை குடுத்தால் கொழும்பில் கடைக்காரர் வாங்கி ஓடுவினம்." வாங்கட்டும். 3.4 மீற்றர் நீளம், இரண்டு சீட், 660 சீசீ. இதை வைத்து ஆரும் கலியாண வீட்டில் பந்தா காட்ட ஏலாது. அளவே காவல்காரன்.

"சின்ன வண்டி பாதுகாப்பில்லை." பாதுகாப்பு விதி வேணும்தான், ஏழை எண்டதுக்காக எயார்பேக் இல்லாமல் சாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இப்ப அந்த மனிதர் எதில் போகிறார்? லாண்ட்மாஸ்டர் பெட்டியில், லொறித் தட்டில். அதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கோ.

"ரோட்டைப் போட்டால் போதுமே." இதுதான் வலுவான மறுப்பு. ரோட்டைப் போடத்தான் வேணும், அதைக் கேட்கிறதை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஆனால் வயலுக்குள்ளும் மரக்கறித் தோட்டத்துக்குள்ளும் எவரும் காபட் போடப்போவதில்லை. போட்ட ரோட்டையும் வெள்ளம் அரிக்குது, மண் சரிஞ்சு மூடுது. வாக்குறுதி கொடுத்த ரோட்டு வரும்வரைக்கும் சனம் வீட்டிலேயே இருக்க ஏலுமா?

என்ன கேட்கிறோம்?

ஒன்று: நீளம், எஞ்சின், சுமை எண்டு அளவால் வரையறுத்த ஒரு 'சிறு வேலை வாகன' வகுப்பை வரிச் சட்டத்தில் உருவாக்குங்கோ. ஜப்பான் செய்ததை நாங்கள் புதுசாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இரண்டு: அந்த வகுப்புக்குள் ஃபோர் வீலும் டிஃபரன்சியல் லொக்கும் சேர்ந்ததால் வரி ஒரு சதமும் கூடக்கூடாது. மூன்று: கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் மொத்தமாக ஓடர் கொடுக்க வழி செய்யுங்கோ. தனி ஒருவர் கேட்டால் முகவர் சிரிப்பார். ஒரு மாவட்டமே கேட்டால் கதிரை போட்டு இருத்துவார்.

இதில் மூன்றாவதுக்கு அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. உங்கட ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு கொப்பியை வையுங்கோ. இப்படி ஒரு வண்டி வந்தால் ஆர் வாங்குவினம், எவ்வளவு கட்ட ஏலும், எந்த ரோட்டில் ஓட வேணும் எண்டு பெயரோடு எழுதுங்கோ. டிமாண்ட் இல்லை எண்டு சொல்லுகிற ஆளின் மேசையில் அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்ப் போடுவம். பிறகு என்ன சொல்லுகினம் எண்டு கேட்பம்.