இரண்டாம் கேமரா ஆடம்பரமா?

கலைஞனுக்கு ஒரு கேமரா போதும், இரண்டாவது நுகர்வு வெறியே என்கிறார்கள் இலக்கிய நண்பர்கள். மறுக்கிறோம். செஞ்சிப் பக்கத்து ஊரொன்றில் படுகளத்தைப் பதிய ஒற்றைக் கேமராவோடு போனோம். மண்ணாலான துரியோதனனின் தொடை பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடியும் கணத்தில் ஷட்டர் சிக்கிக்கொண்டது. மெமரி கார்டுகள் நான்கு இருந்தன, என்ன பயன்? மறுபடி முடியச் சொல்ல முடியுமா? கல்வெட்டென்றால் நாளையும் இருக்கும் (குவாரிக்காரர்கள் விட்டுவைத்தால்).

உயர்ரக ஷட்டர்கள் 2,00,000 சொடுக்குகள்வரை சோதிக்கப்படுகின்றனவாம். சோதனைக்கூடத்தில் படுகளப் புழுதி ஏது? பொழுதுபோக்குக்குப் படமெடுப்பவருக்கு இரண்டாவது வீண்தான், ஒப்புகிறோம். ஓர் ஊரே நம்பி அழைத்த இடத்துக்கு ஒன்றோடு செல்வது எளிமையன்று, பொறுப்பின்மை. அதே லென்சுகள் பொருந்தும் பழைய பாடி ஒன்று போதும். அதைத்தான் துறை நிதியில் கேட்டோம். ‘ஒன்றுதான் இருக்கிறதே’ என்ற குறிப்போடு கோப்பு திரும்பியிருக்கிறது.